மௌனம் எனும் குறிப்பு

மொழியியல் படித்த எனக்கு மௌனம் என்றால் இழப்பு. பெட்டதபுரத்துச் சங்கேதிக் குடும்பங்களில் களப்பணி செய்கையில், தமிழோடு உறவுடைய பாட்டியின் மொழியைப் பேரப்பிள்ளை பேசாதபோதெல்லாம் அப்படித்தான் குறித்தேன்.

சென்ற வாரம் மானசகங்கோத்ரியில் விலங்கியல் ஆய்வுத் தோழி பழ ஈயின் கருவை நுண்ணோக்கியில் காட்டினாள். பின்முனையில் சிறு உருண்டைகளாய்த் திரண்டிருந்தவை துருவ உயிரணுக்கள். பின்னாளில் முட்டையும் விந்தணுவும் ஆகவேண்டியவை. முட்டையிட்ட இரண்டு மணி நேரத்தில் மற்ற உயிரணுக்கள் தம் மரபணுக்களைப் படியெடுத்துத் தோலாகவும் தசையாகவும் நரம்பாகவும் மாறும் வழியில் இறங்கிவிடுகின்றன. இவை மட்டும் படியெடுப்பதில்லை. தாய் முட்டையில் வைத்துச்சென்ற ஆர்என்ஏவிலிருந்து உருவாகும், 71 அமினோ அமிலங்களே கொண்ட பிஜிசி என்னும் புரதம் படியெடுப்பை மறித்து நிற்கிறது. அது இல்லையேல் உடலுக்குரிய மரபணுக்கள் இங்கும் விழித்துக்கொள்கின்றன. இவற்றுள் பல அழிகின்றன.

"இந்த மௌனம் எவ்வளவு நேரம்?" என்றேன்.

"ஓரிரு மணி நேரந்தான். அப்புறம் தாமாகவே படியெடுக்கும்."

அறைக்கு வந்து களக்குறிப்பேட்டைத் திறந்தேன். 11 வயதுச் சிறுமி, 'பேசவில்லை' என்றிருந்தது. ஆனால் பாட்டி சங்கேதியில் கேட்டதற்கெல்லாம் அவள் கன்னடத்தில் பிழையின்றி விடை சொல்லியிருந்தாள். ஈயின் மணிக்கணக்கு அவளுக்குப் பொருந்தாது, அறிவேன். இருந்தும் அச்சொல்லை அடித்துவிட்டு, 'கேட்கிறாள்' என்று எழுதினேன்.