பருப்பு வேகாத தண்ணி

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது மேல்விஷாரத்தில் பாதி ஊர் கரையில்தான் நின்றது. அம்மாவையும் கூட்டிப்போனேன். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தவர், "இனிமேலாவது நம்ம கெணத்துல நல்ல தண்ணி வருமாடா?" என்றார்.

நான் பார்த்து வளர்ந்த பாலாறு வெறும் மணல். கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் வந்து வாயலூரில் கடல் சேரும் ஆறு என்பது பாடப்புத்தகத்தில் படித்தது. அம்மாவுக்கு அந்த மணலேதான் ஆறு. மழையெல்லாம் உள்ளே இறங்கித் தங்கும். கோடையில் கையால் ஊத்து தோண்டி, ஊறி வரும்வரை காத்திருந்து, குடத்தில் மொண்டு வருவார்களாம்.

அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். ஒருகாலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்த, முழுதாக முடித்த தோலுக்கு ஊர் மாறியது. குரோமியம் பெருகியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று இந்த ஆற்றை வைத்துத்தான் தீர்ப்பு சொன்னது. சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

குரோமியத்தையாவது சுத்திகரிப்பில் வண்டலாகப் படியவைத்துப் பிரித்துவிடலாம். உப்பு அப்படியில்லை. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பு தடவித்தான் வரும். முதல் ஊறலிலேயே அது கரைந்து தண்ணீரோடு போகும். சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கினால்தான் பிரியும். செலவு அதிகம். பல வருஷம் அப்படியே மண்ணுக்குள் இறங்கியது.

என் காலேஜ் பீஸும் அந்த ஊறலிலிருந்து வந்ததுதான். அதனால் இதை எழுதும்போது யாரையும் கை நீட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தோல் செருப்பாகி வெளிநாடு போனது, உப்பு எங்கள் கிணற்றிலேயே நின்றுவிட்டது.

வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து அம்மா கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டார். அவருக்குத் தெரிந்த பரிசோதனை அது. ஒரு மணி நேரமாகியும் பருப்பு வேகவில்லை. ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வெள்ளம் வரணும்போல" என்றபடி கேன் தண்ணீரைச் சாய்த்தார்.