அச்சில் வந்த சாட்சி

பூந்தமல்லியில் எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடிப்பது என்று முடிவான கோடையில், பரணிலிருந்து தாத்தாவின் தகரப் பெட்டி கீழே இறங்கிற்று. உள்ளே இருந்தவை ஒரு வேட்டி, நிலவரி இரசீதுகள் சில, மூக்குக் கண்ணாடி ஒன்று; அவ்வளவே. ஆனால் பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாள்கள் என்னை அரை நாள் தரையிலேயே உட்கார வைத்துவிட்டன. 1930களின் தாள்கள். பழுப்பேறி, மடித்த இடங்களில் உதிரத் தொடங்கியிருந்தன. அவற்றில் செய்திகளை நான் படிக்கவில்லை, விளம்பரங்களையே படித்தேன்.

துணி வெளுக்கும் சோப்பு, காற்றில் அணையாத அரிக்கேன் விளக்கு, தையல் இயந்திரம், கிராமபோன் பெட்டி, குழந்தைக்கான பால்மாவு ஆகிய இல்லப் பொருள்கள் ஒரு பக்கம். மறுபக்கம் முழுவதும் மருந்துகள். தலைவலிக்குத் தைலம், நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம், மாதர் நோய்க்குக் கஷாயம், எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே சஞ்சீவி. ‘ஒரு முறை பரீட்சித்துப் பாருங்கள்’, ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’, ‘குணமில்லையேல் பணம் வாபஸ்’, ‘கேட்லாக் இனாம்’. ஒவ்வொன்றின் கீழும் சிறிய எழுத்தில் ஒரு நற்சாட்சிப் பத்திரம்: எங்கோ ஓர் ஊரில் உள்ள குமாஸ்தாவோ, பள்ளி ஆசிரியரோ, தம் வீட்டார் பிழைத்த கதையை எழுதி நன்றி தெரிவித்திருப்பார். விலை ரூபாய், அணா, பைசாவில் இருக்கும். தபால் செலவு தனி.

அந்தத் தாள்களைப் பார்த்ததும் என் ஆயா ஒரு முறை, ஒரே ஒரு முறை, சொன்ன செய்தி நினைவுக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன், அக்காலத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

முதல் உலகப் போருக்கும் இரண்டாம் போருக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் விளம்பரம் என்பது பத்திரிகையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றன்று, அதன் உயிர்நாடி. ‘தி இந்து’ நாளிதழ் 1958 வரை தன் முதற்பக்கத்தையே விளம்பரங்களுக்கு ஒதுக்கியிருந்தது. 1928இல் ‘ஆனந்த விகட’னை விலைக்கு வாங்கிப் பெரும்பத்திரிகையாக வளர்த்த எஸ்.எஸ். வாசன், அதற்கு முன் விளம்பரம் சேகரிக்கும் தொழிலில் இருந்தவர். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தை உருவாக்கிய காசிநாதுனி நாகேஸ்வரராவ், 1908இல் ‘ஆந்திர பத்திரிகா’ என்னும் தெலுங்கு வார இதழைத் தொடங்கி, 1914இல் சென்னையில் அதை நாளிதழாக்கினார். தைலம் ஈட்டிய பொருள் பத்திரிகையைத் தாங்கிற்று. பத்திரிகை தேச விடுதலைக்குக் குரல் கொடுத்தது. மயிலை லஸ் பகுதியில், 1516இல் எழுப்பப்பெற்ற பிரகாச மாதா ஆலயத்திற்கு அருகில் அவர் பெயரால் இன்றும் ஒரு பூங்கா இருக்கிறது. எனவே விளம்பரம் என்றாலே பொய் என்று ஒதுக்கிவிட நான் துணியேன். நம் முன்னோர் குறைந்த விலையில் கதையும் கட்டுரையும் படித்தார்கள் என்றால், அதற்கான செலவில் ஒரு பகுதியைச் சோப்பும் தைலமும் ஏற்றுக்கொண்டன. மறுபுறம், ‘யங் இந்தியா’வையும் ‘நவஜீவ’னையும் விளம்பரமே இன்றி நடத்திய காந்தியடிகளும் அக்காலத்தவரே.

பொருளைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது தபால் இலாகா. வி.பி.பி. என்னும் முறை நம் நாட்டில் 1877இல் வந்தது. ஓர் அட்டை எழுதிப் போட்டால் போதும். பொட்டலம் வீட்டு வாசலுக்கு வரும், பணத்தைத் தபால்காரரிடம் கொடுக்கலாம். கடையே இல்லாத ஊரிலும் இவ்வாறு ஒரு கடை திறந்துவிட்டது. ஆனால் அந்தக் கடையில் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. விற்பவரின் முகத்தையும் பார்க்க முடியாது. அச்சிட்ட சொல் ஒன்றே பிணை.

அச்சொல்லைச் சோதிக்க அன்று சட்டம் இல்லை. இங்கிலாந்தில் மருத்துவர் சங்கத்தார் 1909இல், புகழ்பெற்ற இரகசிய மருந்துகள் பலவற்றைப் பகுத்தாராய்ந்து நூலாக வெளியிட்டனர். உலகெங்கும் விற்ற பீச்சம் மாத்திரையில் இருந்தவை கரியபோளமும் இஞ்சியும் சோப்புமே என்று அப்போது தெரிய வந்தது. நம் நாட்டில் 1930இல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. 1931இல் அதன் அறிக்கை வந்தது. மருந்துச் சட்டம் பிறந்ததோ 1940இல். நோய்தீர்க்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் வர 1954 ஆயிற்று. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள்தான் எங்கள் வீட்டுக் கதை நிகழ்ந்தது.

ஆண்டு 1934. அன்று செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த பூந்தமல்லியில் தாத்தா காய்கறி விளைவித்து, வண்டியேற்றிக் கொத்தவால் சாவடிக்கு அனுப்பிவந்தார். என் தந்தைக்கு மூத்தவளாக ஒரு பெண் குழந்தை இருந்தாள். மூன்று வயது. ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா எழுத்துக்கூட்டிப் படிப்பார். பத்திரிகையில் இருந்த ஒரு காய்ச்சல் மருந்து விளம்பரத்தையும், அதன் கீழிருந்த நற்சாட்சியையும் அவர் உரக்கப் படித்தார். அந்தச் சாட்சியில் வந்ததும் மூன்று வயதுப் பெண் குழந்தைதான். அன்றே அட்டை எழுதினார்கள். ஆறாம் நாள் பொட்டலம் வந்தது. ஒன்றே கால் ரூபாய். ஒன்பதாம் நாள் குழந்தை இறந்துபோனாள்.

எங்கள் ஊரில் வந்து முடியும் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மறுமுனையில் இருக்கிறது சென்னைப் பொது மருத்துவமனை. அதே சாலையில், கீழ்ப்பாக்கத்தில், சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய முறைகளைக் கற்பிக்க அரசினர் நிறுவிய இந்திய வைத்தியப் பள்ளி 1920களிலேயே திறக்கப்பட்டிருந்தது. எந்த வைத்தியரிடம் போவதானாலும் தாத்தாவின் வண்டி வாரம் இருமுறை போய்வந்த வழிதான். ஆறு நாள்கள் அவர்கள் தபால்காரருக்காகக் காத்திருந்தார்கள்.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஆயா இதைச் சொன்னாள். இளமைத் திமிரில், “அந்த விளம்பரத்தைப் போய் நம்பினீங்களா, ஆயா?” என்று கேட்டுவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. “அச்சுல போட்டிருந்தாங்கடா தம்பி. நான் அச்சுல பார்த்தது ஜெபப் புஸ்தகம் ஒண்ணுதான். அச்சுல பொய்யும் வரும்னு எனக்கு யாரு சொன்னா?” என்றாள். பிறகு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதன் பின் அவள் இறக்கும்வரை அதைப் பற்றிப் பேசவே இல்லை.

உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் குழந்தை பிழைத்திருப்பாளா? சொல்ல இயலாது. பெனிசிலின் போன்ற மருந்துகள் அன்று எந்த மருத்துவமனையிலும் இல்லை. ஆனால் ‘முயன்றோம்’ என்னும் ஆறுதலாவது ஆயாவுக்கு மிஞ்சியிருக்கும். அந்த விளம்பரம் ஒன்றே கால் ரூபாயோடு அந்த ஆறுதலையும் எடுத்துக்கொண்டது.

பல ஆண்டுகள் நான் என் சினத்தை அந்த மருந்து விற்றவர்மேல் வைத்திருந்தேன். தகரப் பெட்டிக்கு முன் உட்கார்ந்திருந்த அந்த அரை நாளில் அது வேறொருவர்பால் திரும்பியது. விற்பவன் தன் சரக்கைப் புகழ்வது இயல்பு. அதைக் கேட்பவரும் பாதியைத் தள்ளிவிட்டே கேட்பர். ஆயாவை நம்பவைத்தது அந்தப் புகழ்ச்சியன்று, கீழே இருந்த நற்சாட்சி. தன்னைப் போல ஒரு வீட்டில், தன் மகளைப் போல ஒரு குழந்தை பிழைத்தாள் என்ற சொல். அதை எழுதியவர் உண்மையில் இருந்தாரா, இல்லையா? இருந்தார் என்றால், தாம் கண்டதைத்தான் எழுதினாரா? எட்டாம் கட்டளையை நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்தபோது, பொய்ச்சாட்சி என்பது நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொல்வது என்றே எண்ணிக்கொண்டோம். மூன்று வரி நன்றிக் கடிதமும் ஒரு சாட்சிதான் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

உறைத்ததற்கு ஒரு காரணமும் உண்டு. இதை எழுத நாணுகிறேன். அதற்கு ஓர் ஆண்டு முன்பு, கைப்பேசியில் எனக்கு ஒரு செய்தி வந்தது. நீரிழிவு நோயை நாற்பது நாளில் வேரறுக்கும் ஒரு பொடியைப் பற்றியது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் உண்டு. அதைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே குற்றம். அது அன்று எனக்குத் தெரியாது. செய்தியை அடுத்த தெருவில் வசிக்கும் ஓர் அம்மையாருக்கு அனுப்பினேன். வெறுமனே அனுப்பவில்லை, ‘எனக்குத் தெரிந்த பலருக்குக் குணமாகியிருக்கிறது’ என்று ஒரு வரியையும் சேர்த்தேன். அப்படி ஒருவரையும் எனக்குத் தெரியாது. நல்லது செய்கிறோம் என்ற உற்சாகத்தில் விரல் தானாக எழுதிவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் சொல்கிறாரே என்று அவர் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். ஐந்தாம் வாரம் மயங்கி விழுந்து, பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தார்.

அவர் பிழைத்தார். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது என்னைக் கண்டால் முன்போலவே புன்னகைப்பார். அந்தச் செய்தியை அனுப்பியவன் நான் என்பதை அவர் மறந்திருக்க முடியாது. ஆயினும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆயாவும் அப்படித்தான் பேசாமல் இருந்தாள்.

தகரப் பெட்டி திறந்த அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்தார். “அம்மா, அந்தப் பொடியால் குணமான ஒருவரையும் எனக்குத் தெரியாது. நானாக எழுதியது அது” என்றேன். அவர் சிறிது நேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “இப்பவாவது சொன்னீங்களே, சார். இன்னும் யாருக்கெல்லாம் அனுப்பினீங்க?” என்று கேட்டார்.

ஏழு பேருக்கு அனுப்பியிருந்தேன். அன்றிரவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதினேன். அறுவர் பதில் எழுதினர். ஏழாமவரிடமிருந்து விடை வரவில்லை. மறுநாள் காலை முதல் பேருந்தில் ஏறி, ஆவடியில் இருக்கும் அவர் வீட்டைத் தேடிப் போனேன்.