சஸ்பென்ஸ் கணக்கு

பெரம்பலூர் வருவதற்கு முன்னால், திருமாந்துறை டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. அதன்பின் எவ்வளவு மிதித்தாலும் ஒரே கியர்தான். பின்சீட்டில் அம்மா, மடியில் மாவிளக்குத் தூக்கு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் திங்கள், வெள்ளி மட்டும்தான் தரிசனம் தருவாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று வெள்ளிக்கிழமை.

என் கவலை வேறு. இதே குலுக்கல் மூன்று வாரம் முன்பு சென்னையிலேயே வந்துவிட்டது. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஸ்கேனரை மாட்டி, 'பி 0840' என்றார்கள். கியர்பாக்ஸ் ஆயிலின் அழுத்தத்தை அளக்கும் சென்சாராம். மாற்றினார்கள். 14,000 ரூபாய் சொச்சம். "மறுபடி வந்தா கியர்பாக்ஸை இறக்கணும் சார், ஒரு லட்சத்துக்கு மேல போகும்" என்று அன்பாக வழியனுப்பினார்கள்.

வந்துவிட்டதே!

பெரம்பலூரில் விசாரித்ததில், லாரிகள் வரிசை கட்டி நின்ற ஒரு பட்டறையைக் காட்டினார்கள். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள் இருப்பதால் இங்கே லாரி மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு வாய்த்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கதையைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"சென்சாரை மாத்துனாங்க, சரி. ஒயரைப் பார்த்தாங்களா சார்?"

இந்த நம்பரைப் பற்றி அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஒருநாள் உதவும். 'பி' என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் சமாசாரம். அடுத்த பூஜ்யம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. 8 என்றால் கியர்பாக்ஸ். மொத்தத்தில் 0840 சொல்வது, 'அழுத்த சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு' என்பதை. சென்சாரில் என்று அல்ல, சர்க்யூட்டில்! அதில் சென்சார், ஒயர், கனெக்டர், கம்ப்யூட்டர் எல்லாமே அடக்கம்.

நான் பி.காம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். தப்பு எங்கேயோ இருக்கிறது, இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அந்தக் கணக்கையே அடித்துவிட்டு, 'சரியாகிவிட்டது' என்று எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். என் வண்டியில் போட்டிருந்தார்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் உங்கள் இடது காலின் வேலையை ஆயில்தான் செய்கிறது. அதன் அழுத்தம்தான் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. அழுத்தம் எவ்வளவு என்று நம்பகமான தகவல் வராவிட்டால், தட்டுகள் வழுக்கித் தீயக்கூடாதே என்று கம்ப்யூட்டர் ஒரே கியரில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொள்ளும். ஓடாதது கோளாறு அல்ல, முன்ஜாக்கிரதை.

மெக்கானிக் முதலில் ஆயிலைப் பார்த்தார். இன்ஜின் ஓட, சமதளத்தில் நிறுத்தி, குச்சியை வெளியே இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்தார். அளவு சரி, நிறம் சிவப்பு. மோந்து பார்த்தார். "தீஞ்ச வாசனை இல்ல. கிளட்ச் நல்லாருக்கு." ஒரு லட்சத்தில் பாதி அங்கேயே எனக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் ஸ்கேனரை மாட்டினார். வாகனப் புகையைக் கண்காணிக்கத்தான் இந்த ஏற்பாடே வந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயம். நம் ஊருக்கு 2013-ல் வந்து சேர்ந்தது. அதே அசல் கோடு. அதை அழிக்காமல், அழுத்தம் காட்டும் நேரடி ரீடிங்கைத் திரையில் வைத்து, ஸ்கேனரை என் கையில் கொடுத்தார்.

"பார்த்துட்டே இருங்க. நம்பர் விழுந்தா சொல்லுங்க."

அடியில் படுத்து, ஒயர்க் கட்டை அங்குலம் அங்குலமாக ஆட்டினார். நம்பர் அசையவில்லை. ஆட்டினார். திடீரென்று பூஜ்யம்!

"விழுந்துச்சு!" என்று கத்தினேன். அம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

ஒரு கிளிப் மாட்டாமல் விட்டதில், ஒயர்க் கட்டு கியர்பாக்ஸ் இரும்பில் உரசி உறை தேய்ந்து, செம்பு பளபளத்தது. குழியில் இறங்கி ஏறினால் இரும்பைத் தொடும், சிக்னல் செத்துப்போகும். மற்ற நேரம் சமர்த்து. அந்த ஒயரை வெட்டி, சேர்த்துப் பற்றவைத்து, உறை போட்டு, கிளிப் மாட்டினார். அப்புறம்தான் கோடை அழித்தார். பக்கத்தில் உட்கார்ந்து பத்து கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார். விளக்கு வரவில்லை.

"எவ்வளவுப்பா?"

"600 குடுங்க சார்."

கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். "அம்மாவை சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க, மாவிளக்கு போடணும்ல" என்றார்.

கோயிலில் அம்மா மாவிளக்கு ஏற்றியபோது வெளியே நின்று, டேஷ்போர்டு அறையில் இருந்த சர்வீஸ் சென்டர் பில்லை எடுத்துப் படித்தேன். சென்சார் விலைக்குக் கீழே தனியாக ஒரு வரி: 'டயக்னாஸிஸ் சார்ஜ் - 1,500 ரூபாய்.'