சார்ஜ் என்னும் சுமை

கைப்பேசிக்கு ஏற்றுவது சார்ஜ். புதிய அதிகாரி எடுத்துக்கொள்வதும் வங்கி பிடித்துக்கொள்வதும் சார்ஜ். கூட்டத்தின்மீது பாய்வது லத்தி சார்ஜ். நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வாசிக்கப்படுவதும் சார்ஜ்தான்.

உறவற்றவைபோல் தோன்றும் இப்பொருள்களுக்கு வேர் ஒன்றே. இலத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. 'கார்ரிகாரே' என்றால் வண்டியில் பாரம் ஏற்றுதல். அச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. வண்டியில் ஏறிய பாரம் பின்னர்த் துப்பாக்கியில் மருந்தாகவும், மின்கலத்தில் மின்னாகவும், மனிதர்மேல் பொறுப்பாகவும் கட்டணமாகவும் பழியாகவும் ஏறியது.

தமிழும் குற்றத்தைச் 'சுமத்து'கிறது. இந்தியில் குற்றச்சாட்டைக் குறிக்கும் 'ஆரோப்', வடமொழியில் மேலே ஏற்றுதலைக் குறித்த சொல். மூன்று மொழிகளும் குற்றச்சாட்டைப் பாரமாகவே கண்டிருக்கின்றன.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றச்சாட்டை வாசித்தால் மட்டும் போதாது, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு விளக்கவும் வேண்டும் என்றது. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. அவ்விளக்கம் வெறும் சடங்கன்று. கூண்டில் நிற்பவர் அகராதி அறியாதவராக இருக்கலாம். ஆனால் தம் தோளில் ஏற்றப்படுவது இன்னதென்று அறியாதவரால் அதனை மறுக்கவும் இயலாது.