இறங்கிப் பாராத ஊர்

கற்பிப்பவனுக்கும் சில வேளைகளில் மாணவரே ஆசிரியராகி விடுவதுண்டு. அத்தகையதோர் அனுபவத்தை இம்மலரில் பதிவு செய்ய விழைகிறேன்.

'எங்கள் ஊரின் வரலாற்றுச் சின்னங்கள்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதிவருமாறு முதலாமாண்டு மாணவர்களைப் பணித்திருந்தேன். தண்டலத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் வெற்றுத்தாளை நீட்டினார்.

"ஐயா, எங்கள் ஊர்ப்பக்கம் ஆலைகளும் நெடுஞ்சாலையும்தாம் உள்ளன. எழுதுவதற்குப் பழைய கட்டடம் ஒன்றுமில்லை."

"பத்துக் கிலோமீட்டர் சென்றால் திருப்பெரும்புதூர், இராமானுசர் பிறந்த ஊர். இறங்கிப் பார்த்ததுண்டா அம்மா?"

"இல்லை ஐயா. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

வினாவில் குறும்பில்லை. எனினும் நான் வாயடைத்து நின்றேன். திருவரங்கத்தமுதனாரின் இராமானுச நூற்றந்தாதியைப் பல ஆண்டுகளாகப் பாடஞ்சொல்லி வருபவன் நான். அவ்வூர் வழியே காஞ்சிபுரத்திற்கு எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். ஒருமுறையேனும் பேருந்தைவிட்டு இறங்கியதில்லை. வேற்றுச் சமயத்தார் கோயிலாயிற்றே என்னும் தயக்கம் ஒரு காரணம். சோம்பல் மற்றொரு காரணம்.

அடுத்த ஞாயிறன்று இறங்கினேன். ஆதிகேசவப் பெருமாள் கோயில் கோபுரத்தை நெடுநேரம் நோக்கியபின், அனந்தசரஸ் திருக்குளத்தின் அருகே அமர்ந்தேன். அங்கிருந்த முதியவர் ஒருவர் என் தொப்பியைப் பார்த்தார், தொழிலைக் கேட்டார், சொன்னேன். "இராமானுசரைப் பாடஞ்சொல்லும் வாத்தியார் இவ்வளவு நாள் கழித்தா வருகிறீர்கள்?" என்று சிரித்தார்.

1017-இல் பிறந்த அப்பெரியார், குருநாதர் மறைவாக உரைத்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மீதேறி அனைவர்க்கும் கூறினார் என்பது வைணவ மரபு. வகுப்பறையில் பன்முறை நான் விளக்கிய செய்திதான். அந்த 'அனைவர்க்கும்' என்ற சொல்லில் நானும் அடங்குவேன் என்பது அக்குளக்கரையில்தான் விளங்கிற்று.

பின்னர் இராஜீவ் காந்தி நினைவிடம் சென்றேன். 1991 மே 21 இரவில் அவர் உயிர்நீத்த இடத்தைச் சூழ்ந்து ஏழு தூண்கள் நிற்கின்றன. 2003-இல் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். ஓர் அருளாளரின் பிறப்பையும் ஒரு தலைவரின் கொடிய முடிவையும் அச்சிற்றூர் ஒருங்கே நினைவில் தாங்கி நிற்கின்றது.

திங்களன்று வகுப்பில் என் குறையை ஒப்புக்கொண்டேன். சில நாட்களில் அம்மாணவி புதிய கட்டுரையுடன் வந்தார். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்டு சென்னைக்குக் குடிநீர் வழங்கும் செம்பரம்பாக்கம் ஏரியில் தொடங்கியிருந்தார். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் நிறுவனம் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியதும், 2006-இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டதும் அதில் இடம்பெற்றிருந்தன. "ஏரிக்கரை நின்றது, அந்த ஆலை நிற்கவில்லை. இரண்டையும் என் பாட்டி பார்த்திருக்கிறார்" என்பது அவர்தம் முடிவுரை. அதற்குமேல் திருத்த எனக்கு ஒன்றுமிருக்கவில்லை.

பூமியில் பயணம் செய்து முன்னோர் நிலையைக் கண்டு தெளியுமாறு திருமறையும் நம்மைப் பணிக்கின்றது. அப்பயணம் நம் தெருமுனையிலிருந்தே தொடங்கலாம் அன்றோ? மாணவச் செல்வங்களே! உங்கள் ஊர்ப் பள்ளிவாசல், கோயில், ஏரிக்கரை, ஆலை எதுவாயினும் அங்கே ஒருமுறை இறங்கி நில்லுங்கள், மூத்தோரைக் கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள். வல்ல இறைவன் துணைபுரிவானாக!