அப்பாவின் கழுத்தில் வந்த கட்டி

அப்பாவுக்கு 51 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. ஒப்பரேஷன் செய்து அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிறகு ஆறு மாதம் கீமோ. மூன்று வருடமாக ஸ்கானில் ஒன்றும் இல்லை. வீட்டில் அந்தச் சொல்லையே மறந்துவிட்டோம்.

ஒருநாள் சவரம் செய்யும்போது அப்பாவின் கையில் ஒரு சின்னக் கட்டி தட்டுப்பட்டது. "தைரொய்டா இருக்கும், பயப்படாதேங்கோ" என்றார் அம்மா. ஊசியால் எடுத்த கலங்களுக்கு நிறமூட்டிப் பார்த்தபிறகு டொக்டர் வேறு கதை சொன்னார். கட்டி தைரொய்டில்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கலங்கள் பெருங்குடலில் பிறந்தவை.

"என்ன பிள்ளை சொல்லுறார்?"

10 வயதிலிருந்து அப்பாவுக்கு மொழிபெயர்ப்பவள் நான்தான். 'பரவிட்டுது' என்ற சொல் எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை. "இன்னொரு டெஸ்ட் வேணுமாம் அப்பா" என்றேன்.

காரில் அப்பா கேட்டார்: "டொக்டர் அவ்வளவு நேரம் கதைச்சவர். நீ ஒரு வரிதானே சொன்னனி?"

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒரு தாளில் படம் கீறினேன். குடலிலிருந்து போகும் இரத்தம் முதலில் ஈரலுக்குத்தான் போகும். அதனால் இந்த நோய் பரவினால் பெரும்பாலும் ஈரலுக்கு, அல்லது நுரையீரலுக்கு. தைரொய்டுக்கு வருவது மிக அரிது. ஒப்பரேஷனுக்கு முன்பே இரத்தத்தில் கலந்த சில கலங்கள் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். எங்கே போனாலும் அது பெருங்குடல் புற்றுநோய்தான். மருந்தும் அதற்குரியதுதான்.

அப்பா தாளைப் பார்த்தபடி சிரித்தார். "அப்ப எங்களை மாதிரித்தான். எங்கை போனாலும் சொந்த ஊரைத்தான் சொல்லும்."

பிறகு மெதுவாகக் கேட்டார்: "மாறுமோ?"

"முழுசா மாறுறது கஷ்டமாம் அப்பா. கட்டுப்படுத்திப் பார்க்கலாம் எண்டவர்."

அவர் என் கையைப் பிடித்தார். அன்று இருவரும் நன்றாகத் தூங்கினோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த முறை டொக்டரிடம் போனபோது கேள்விகளை அப்பாவே கேட்டார். நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

உங்களுக்கு இரண்டு விஷயம். குடும்பத்தில் யாருக்கு, எத்தனை வயதில் இந்த நோய் வந்தது என்று கேட்டு வையுங்கள். அப்பாவுக்கு 51 என்பதால், நான் வாழும் ஒன்ராறியோவில் எனக்கு 41 வயதிலேயே கொலொனோஸ்கோபி தொடங்கவேண்டும். மற்றது, அம்மா அப்பாவுக்காக மொழிபெயர்க்கும்போது முழுவதையும் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது அவர்களுடைய உடம்பு.