காட்டு விடுதிக்கு முன்பணம் கட்டும் முன்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம்மிடம் வரும் கேள்விகளின் போக்கு மாறிவிடுகிறது. ஜகாத் கணக்கும் பாகப்பிரிவினையும் சற்று ஒதுங்கி நிற்க, பயணம் பற்றிய ஐயங்கள் முன்னுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் குற்றாலத்தோடும் கொடைக்கானலோடும் நின்றிருந்த பயணங்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் வளைகுடாவில் பொருளீட்டத் தொடங்கிய பின் மலேசியா, துருக்கி என நீண்டு, இப்போது ஆப்பிரிக்கக் காடுகள் வரை சென்றுவிட்டன. இது தடுக்க வேண்டிய செயலன்று. பூமியில் சுற்றித் திரிந்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதைப் பார்க்குமாறு குர்ஆனே நம்மை அழைக்கிறது.

மேலப்பாளையத்தைச் சேர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர் தம்மாமில் பணிபுரிகிறார். விடுப்பில் வரும்போது தம் உம்மாவையும் மனைவி மக்களையும் அழைத்துச் சென்று காட்டு விலங்குகளைக் காட்ட விரும்பி, மூன்று விடுதிகளின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டு கென்யாவின் மசாய் மாராவில் உள்ளவை. மூன்றாவது நம் நீலகிரி மாவட்டத்து மசினகுடிப் பக்கம் உள்ளது. அந்த மூன்றாவதற்கு முன்பணமும் கட்டிவிட்டார். “ஹஜ்ரத், இதில் எது நமக்குத் தோதுப்படும்?” என்பது கேள்வி. ஹலால் உணவு, தொழுகை வசதி, பெண்களுக்கான மறைப்பு ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்தே அவர் தோது என்றார்.

இம்மூன்றுக்கும் விடை கூறுவது கடினமன்று. இறைச்சியில் ஐயம் இருந்தால் மீனும் முட்டையும் காய்கறியும் எந்த விடுதியிலும் கிடைக்கும். புதுமை என்று எதையேனும் தட்டில் வைத்தால், நெருப்புக்கோழி ஆகும், முதலை ஆகாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஆப்பிரிக்க விடுதிகளில் அந்தி நேரத்தில் விருந்தினரை வெளியில் அமர்த்தி மது பரிமாறும் ‘சன்டவுனர்’ என்றொரு வழக்கம் உண்டு. அது பெரும்பாலும் கட்டணத்திலேயே சேர்ந்திருப்பதால், வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது. மாலைச் சவாரி அஸரையும் மஃரிபையும் தொட்டு நிற்கும். காட்டுக்குள் நினைத்த இடத்தில் வாகனத்தை விட்டு இறங்க விடமாட்டார்கள். ஆகவே அஸரைத் தொழுத பிறகே புறப்படுவோம் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் பயணத்தில் ளுஹரோடு அஸரைச் சேர்த்துத் தொழுதுகொள்ளலாம். ஹனஃபி மத்ஹபினருக்கு அவ்வழி இல்லை. மாரா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மஃரிப் நேரம் ஆறரை மணியை ஒட்டியே அமையும். கிப்லாவோ அங்கே ஏறக்குறைய நேர் வடக்கு. மேற்கு நோக்கியே நின்று பழகிய நம் பிள்ளைகளுக்கு இதுவே ஒரு நல்ல பூகோளப் பாடம்.

இவ்வளவையும் எழுதி அனுப்ப எண்ணியிருந்தபோது, மூன்றாவது விடுதியின் விளம்பரத்தில் இருந்த ஒரு செய்தி நம்மை நிறுத்திவிட்டது. இரவு நேரங்களில் காட்டு யானைகள் விருந்தினர் அறைகளின் முற்றத்தைக் கடந்து செல்லும் என்பதை அவ்விடுதி தன் பெருஞ்சிறப்பாகக் கூறியிருந்தது. யானை நம் வாசலுக்கு வருகிறது என்றால், உண்மையில் யார் யாருடைய வாசலில் படுத்திருக்கிறார்?

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் உண்டு. பயண ஒழுக்கம் பற்றியது. செழிப்பான நிலத்தின் வழியே செல்லும்போது ஒட்டகத்துக்கு அந்நிலத்திலிருந்து உரிய பங்கைக் கொடுத்துவிடுமாறும், வறண்ட நிலமாயின் விரைந்து கடந்துவிடுமாறும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்துகிறார்கள். அடுத்து, இரவில் இறங்கித் தங்க நேர்ந்தால் பாதையை விட்டு விலகித் தங்குங்கள் என்கிறார்கள். அதற்கு அவர்கள் கூறும் காரணம், இரவில் அது விலங்குகள் நடக்கும் வழி, ஊர்வன ஒதுங்கும் இடம் என்பதே. இமாம் நவவி உள்ளிட்ட விளக்கவுரையாளர்கள் இதைப் பயணியின் பாதுகாப்புக்கான கட்டளையாகவே விளக்குகின்றனர். அதை நாம் மாற்றிக் கூற முற்படவில்லை. ஆயினும் அந்தக் காரணத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மனிதன் போட்ட பாதையே ஆனாலும், இரவில் அதில் நடமாட்டம் விலங்குகளுக்கு உரியது என்று அது ஒப்புக்கொள்கிறது. அப்படியிருக்க, யானை தலைமுறை தலைமுறையாகப் போட்ட பாதையில் கட்டில் போட்டுப் படுப்பதைப் பற்றி என்ன கூறுவது?

மசினகுடியில் நடந்தது இதுதான். நீலகிரி மலையின் வடக்குச் சரிவுக்கும் மோயாற்றுப் பள்ளத்துக்கும் இடையே கிடக்கும் சீகூர் பீடபூமி அகலம் குறைந்த நிலப்பகுதி. ஒரு பக்கம் ஏற முடியாத மலை, மறு பக்கம் இறங்க முடியாத பள்ளம். முதுமலையிலிருந்து சத்தியமங்கலம் காடுகளுக்குச் செல்லும் யானைக் கூட்டங்களுக்கு இடையில் உள்ள இந்தச் சமநிலமே வழி. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களைச் சுற்றி விடுதிகள் பெருகின. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி வேலியிட்டது, சிலவற்றில் மின்வேலி. ஒரு வேலியை யானை சுற்றிப் போய்விடும். அடுத்தடுத்து வேலிகள் வந்தால் பாதை அடைபட்டு, அது ஊருக்குள் நுழையும்.

தமிழ்நாடு அரசு 2010 ஆகஸ்ட் 31 அன்று இப்பகுதியை யானை வழித்தடமாக அறிவித்து அரசாணை வெளியிட்டது. அதை எதிர்த்த வழக்குகளில் 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2018 ஆகஸ்டில், அனுமதியின்றிக் கட்டப்பட்ட 11 விடுதிகளை 48 மணி நேரத்துக்குள் பூட்டுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்து, தனித்தனி முறையீடுகளை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்தது. வழக்கு நடந்த காலமெல்லாம் அவ்விடுதிகளில் தங்கியவர்கள் நம்மைப் போன்ற குடும்பத்தினரே. அங்கே ஹலால் உணவு கிடைக்குமா என்றுதான் அவர்களும் விசாரித்திருப்பார்கள்.

அடுத்த ஆண்டு நடந்ததைப் பலரும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். மசினகுடி அருகே விடுதிப் பக்கம் வந்த ஒரு காட்டு யானையின் மீது எரியும் டயரை வீசினர். தலையிலும் காதிலும் தீக்காயம். 2021 ஜனவரி 19 அன்று அந்த யானை இறந்தது. அந்தக் காணொளியை நாம் ஒருமுறைக்கு மேல் பார்க்கவில்லை. யானை முற்றத்தைக் கடக்கும் என்று விளம்பரம் செய்து அழைப்பதும், கடக்க வந்த யானையின் மீது தீயை எறிவதும் ஒரே நிலத்தில், ஒரே தொழிலின் இரு பக்கங்களாக நடந்தேறின.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். அப்பகுதியில் காலங்காலமாக வாழ்ந்துவரும் இருளர், குறும்பர் குடிசைகளையும் நகரத்திலிருந்து சென்றவர்கள் கட்டிய நீச்சல்குளத்தையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. வழித்தடத்தின் எல்லை சிறு விவசாயிகளையும் கவலைக்குள்ளாக்கியது உண்மை. அவர்களுடைய வழக்கு அவர்களது வாழ்வு பற்றியது. நம்முடையது நான்கு நாள் பொழுதுபோக்கு.

நீச்சல்குளம் என்றதும் ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகம் நினைவுக்கு வருகிறது. ஸமூது கூட்டத்தாருக்கும் அந்த ஒட்டகத்துக்கும் இடையே நீர் முறைவைத்துப் பங்கிடப்பட்டது. பாறையைக் குடைந்து வீடுகள் அமைத்து வசதியாக வாழ்ந்த அம்மக்களால், ஒரு விலங்குக்கு ஒருநாள் தண்ணீர் விட்டுக்கொடுப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கோடையில் சீகூரில் ஓடைகள் வற்றும்போது விடுதிக் குளம் மட்டும் நீல நிறத்தில் நிறைந்திருப்பதைப் படத்தில் பார்க்கும் யாருக்கும் இந்த வரலாறு தோன்றத்தான் செய்யும்.

ஆப்பிரிக்காவில் நிலைமை வேறா என்றால், முழுவதும் வேறில்லை. விலங்கை விருந்தினரிடம் வரவழைக்கும் வழக்கம் அங்கே பழையது. அபர்டேர் காட்டில் 1932இல் மரத்தின் மேல் கட்டப்பட்ட ட்ரீடாப்ஸ் விடுதியில், கீழே குளமும் உப்பும் இருந்ததால் விலங்குகள் கூடின, மேலிருந்து பார்த்தார்கள். 1952 பிப்ரவரியில் எலிசபெத் அங்கே தங்கியிருந்த இரவில்தான் அவருடைய தந்தை இறந்து, அவர் அரசியானார். அதன் பிறகு அவ்விடுதியின் புகழுக்குக் கேட்க வேண்டுமா!

மசாய் மாராவுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காட்டுமாடுகள் ஒவ்வோர் ஆண்டும் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து புல்லைத் தேடி வருகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே கூட்டம் அலைமோதும்; விலங்குகளின் கூட்டமும் வாகனங்களின் கூட்டமும். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். விடுதி வாடகை இதில் சேராது. 2025இல் அங்கே ஆற்றங்கரையில் திறக்கப்பட்ட ஓர் உயர்தர விடுதி விலங்குகளின் வலசைப் பாதையில் அமைந்துள்ளதாகக் கூறி, மசாய் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் நீதிமன்றம் சென்றார். பின்னர் அவ்வழக்கு திரும்பப் பெறப்பட்டது. வழக்கு போனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது: நம் சீகூர்க் கேள்வியேதான்.

அங்கே வேறொரு முறையும் உண்டு. அரசின் காப்பகத்தை ஒட்டி மசாய் மக்களுக்குச் சொந்தமான நிலங்களைச் சேர்த்து ‘கன்சர்வன்சி’ என்ற காப்புநிலங்களை உருவாக்கியுள்ளனர். விடுதி நடத்துவோர் நில உரிமையாளர்களுக்குக் குத்தகை செலுத்துகின்றனர். எத்தனை கூடாரங்கள், எத்தனை வாகனங்கள் என்பதற்கு வரம்பு உண்டு. ஓலாரே மோட்டொரோகி காப்புநிலத்தில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்பது கணக்கு. குறை இல்லாத ஏற்பாடு என்று கூற மாட்டோம். மசாய் மக்களின் மாடுகள் மேயும் இடமும் இதில் கட்டுப்படுகிறது. எனினும் நிலத்துக்கு உரியவர் கூலி பெறுகிறார், விலங்கு வழி பெறுகிறது.

மாணவரிடம் மூன்று கேள்விகளை மட்டும் விடுதிகளுக்கு எழுதச் சொன்னோம். நிலம் யாருடையது, அவருக்கு என்ன கிடைக்கிறது? சுற்றிலும் வேலி உண்டா, விலங்குகள் எவ்வழியே நீருக்குச் செல்கின்றன? கட்டட அனுமதி எந்த ஆண்டு, யார் கொடுத்தது? ஹலால் பற்றிய கேள்வி நான்காவதாக இருக்கட்டும் என்றோம். அது முக்கியமற்றது என்பதால் அன்று. அதற்கு எந்த விடுதியும் ஆம் என்றே பதில் எழுதும் என்பதால். மசினகுடி விடுதியிலிருந்து வந்த பதிலில் அனுமதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. யானை கட்டாயம் வரும் என்று மட்டும் மறுபடியும் உறுதி கூறியிருந்தார்கள்.

முன்பணத்தை விட்டுவிடுவது இஸ்ராஃப் ஆகாதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி, பாலைவனத்தில் உழைத்துச் சேர்த்த பணம். பயனின்றிச் செலவிடுவது வீண்விரயம். இன்னொரு படைப்பின் ஹக்கை மிதிக்காமல் இருப்பதற்காக இழப்பது அந்த வகையில் சேராது என்பது நம் கருத்து. கென்யா செல்வதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாள்களுக்கு முன்பே போட வேண்டும், அறுபது வயதைக் கடந்த உம்மாவுக்கு அதைப் போடலாமா என்று மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினோம்.

இத்தனை தொலைவு போக வேண்டுமா என்று சில வாசகர்கள் எண்ணக்கூடும். பாளையங்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் பாபநாசம். கஸ்ர் தொழும் தூரம்கூட இல்லை. 1988இல் உருவான களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அங்கே தொடங்குகிறது. நம் தாமிரபரணி இறங்கி வரும் காடு. அடிவாரத்து வேம்பையாபுரம், அனவன்குடியிருப்பு மக்கள் ஆடுகளைச் சிறுத்தைக்கு இழந்து, 2024 மே மாதத்தில் வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்ததை நாம் செய்தியில் படித்தோம். அம்மக்களிடம் சென்று, விலங்கு வாசலுக்கு வருவது ஒரு சிறப்பு என்று கூறிப் பாருங்கள். காரையாறு செல்லும் பயணிகளை வனத்துறைச் சோதனைச்சாவடியில் நிறுத்திப் பைகளைத் துழாவும்போது சலித்துக்கொள்ளும் நம்மவர்கள், மசாய் மாராவில் அதைவிடக் கடுமையான விதிகளுக்கு டாலர் கொடுத்துக் கீழ்ப்படிகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீலகிரிப் பக்கம் செல்வோர் பயண நேரத்தையும் கவனிக்க வேண்டும். பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலைகள் 2009 முதல் இரவு ஒன்பது மணிக்கு அடைக்கப்பட்டுக் காலை ஆறு மணிக்கே திறக்கப்படுகின்றன. திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரி 10 முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி இரவுத் தடை உள்ளது: சரக்கு வாகனங்களுக்கு மாலை ஆறு மணியிலிருந்து, கார்களுக்கு இரவு ஒன்பது மணியிலிருந்து. இரவுப் பாதை விலங்குகளுக்கு உரியது என்ற செய்தி சட்டமாகவே வந்துவிட்டது. எனவே மைசூருவில் இஷாவையும் தொழுதுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம் என்று திட்டமிடும் குடும்பத்தினர், பந்திப்பூர்ச் சோதனைச்சாவடியில் வாகனத்துக்குள்ளேயே பஜ்ரு வரை காத்திருக்க நேரும். ளுஹரோடு புறப்பட்டுவிடுங்கள்.